பேரியின் நாய்களும் என் சாரமும்

வேலையிடத்தில் மேலே இருப்பவர் ஒருவர் பொதுவாக ஒரு உதவி கேட்கிறார். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் உடனே தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. இது இப்போது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத முப்பது வயதில் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். அதனால் ஒரு ஆடும் ஒரு நாயும் செத்தன. ஒரு மனிதரும் கிட்டத்தட்டப் போய்விட்டார். (அந்த மனிதர் நானில்லை. நான் வெட்கத்தால் மட்டும்தான் செத்தேன்.)

உதவி கேட்டவர் பேரி. ஒனிஹங்காவில் நான் வேலை செய்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஃபோர்மன். ஆறடி உயரம், ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை. மனைவி இறந்தபிறகு இரண்டு நாய்களோடு தனியே இருந்தார். இதயத்தில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். தேநீர் அறையில் எழுந்து நின்று, "இரண்டு மூன்று வாரம் என் நாய்களை யாராவது வைத்திருப்பீர்களா? காப்பகத்தில் விட்டால் பெரியவன் சாப்பிட மாட்டான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

என் வேலை அனுமதி முடிய நான்கு மாதம் இருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க பேரியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் தேவை. அதை எப்படிக் கேட்பது என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கேள்வி காற்றில் நின்றது. "நான் வைத்திருக்கிறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு நாய் என்றால் உயிர்" என்றும் சொன்னேன்.

உண்மையில் எனக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். கடித்துவிடும் என்ற பயமில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் விடியற்காலையில் முதலில் சந்தியில் ஒரு நாய் குரைக்கும். பிறகு அடுத்த ஒழுங்கையில் ஒன்று, அதற்கடுத்த ஒழுங்கையில் ஒன்று. சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வரவர, பின்னால் இராணுவச் சப்பாத்துச் சத்தம் வரும். சுற்றிவளைப்பு. ஆகவே நாங்கள் குடியிருந்த ஹில்ஸ்பரோவில், தபால்காரரைக் கண்டு பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் நான் யன்னலை விட்டு விலகி நிற்பேன். அப்படிப்பட்டவன் இரண்டு நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

பெரியவன் டியூக், பதினைந்து வயது லாப்ரடோர். மூக்கைச் சுற்றி நரைத்து, பின்னங்கால்களை இழுத்து நடப்பான். சின்னவள் ஜெஸ், ஆடு மேய்க்கும் சாதி. இரண்டு வயது, ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். எங்கள் மூன்று வயது மகள் துளசி கட்டிலில் ஏறி நின்று இரண்டையும் பார்த்தாள். என் மனைவி வதனி என்னை மட்டும் பார்த்தாள்.

"வாடகை ஒப்பந்தத்திலை நாய் கூடாது எண்டு போட்டிருக்கு. வாசிச்சனீங்களோ?"

"ரெண்டு மூண்டு கிழமைதானே."

"வாசிச்சனீங்களோ எண்டுதான் கேட்டனான்."

முதல் வாரம் எப்படியோ போயிற்று. செவ்வாய்க்கிழமை பேரியின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை, வீட்டை எங்களுக்கு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி தொலைபேசினார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறாராம்.

வதனி சமையலை நிறுத்தாமலே தீர்வு சொன்னாள். "பத்து மணிக்கு முன்னம் ரெண்டையும் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பதினொண்டுக்கு வாங்கோ. முடிஞ்சுது."

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அவள் சொன்னது சரி. அதைவிடச் சரியான தீர்வு உலகத்தில் இல்லை. ஆனால் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வதனியின் அண்ணன் கனடாவின் புல்வெளி மாகாணம் ஒன்றில் இருக்கிறார். அடிவானம் வரை புல், நடுவில் ஒரு மஞ்சள் கூடாரம், அதன் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணன், காலடியில் ஒரு நாய். பின்பக்கத்தில் 'முகாம் வாழ்க்கை' என்று எழுதி அனுப்பியிருந்தார். துளசிக்குச் சோறு தீத்தும்போதெல்லாம் வதனி அந்தப் படத்தைக் காட்டி, "மாமாவைப் பார், எவ்வளவு வடிவாய் நிக்கிறார்" என்பாள். எட்டு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதன் பார்க்குக்குப் போவானா?

"நாங்கள் முகாம் போறம்" என்றேன். "வெள்ளிக்கிழமையே."

"ஆர் நாங்கள்?"

"நானும் நாயளும். செல்வமும் வருவான்."

செல்வம் அடுத்த தெருவில் இருந்தவன். மலேசியாவில் ஈப்போக்காரன், கணக்காளன். அவனிடம் நீண்ட பின்பக்கம் கொண்ட காரும் ஒரு கூடாரமும் இருந்தன. "டென்ஷன் ஆவாதீங்க பிரதர்" என்றான். "நான் ஸ்கூல்ல ஸ்கவுட்டு லா. கண்ண மூடிக்கிட்டு டென்ட் போடுவேன்." (பின்னர் விசாரித்ததில், சாரணர் படையில் அவன் பதினொரு நாள் இருந்திருக்கிறான்.)

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் கிளம்பினோம். பாபகூராவைத் தாண்டிக் கிழக்கே கடலை நோக்கிப் போகும் பாதையில் நல்ல இடமொன்று இருக்கிறது என்று செல்வம் சொன்னான். செப்டம்பர் மாதம். மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. கடல் தெரிந்த இடத்தில் வேலியில் திறந்து கிடந்த ஒரு மரப் படலை, அதில் ஒரு பலகை, அப்பால் சரிவான பச்சைப் புல்வெளி. பலகையை வாசிக்க இறங்க வேண்டும். இறங்கினால் நனைய வேண்டும். "வெல்கம்னுதான் போட்டிருப்பான்" என்றான் செல்வம். நானும் அப்படியே நம்பினேன்.

கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டிய கூடாரத்தைக் கண்ணைத் திறந்து போட ஒன்றேகால் மணி நேரமாயிற்று. இரண்டு முறை காற்று அதைப் பறித்துக்கொண்டு ஓட, ஜெஸ் அதைத் துரத்தி வளைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். அன்று அந்த முகாமில் தன் தொழில் தெரிந்திருந்தது அவளுக்கு மட்டும்தான். என் காற்சட்டை தொடைவரை சேறு. மாற்றுவதற்கு நான் கொண்டுபோனது இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு சாரம். கனடா அண்ணனுக்குச் சமமாக வாழப் போனவன் கொண்டுபோன ஒரே உடுப்பு.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்று தெரிந்தது. நாய்களின் பிஸ்கட் பை வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. பேரி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்திருந்தார்: காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை, வேறெதுவும் கூடாது. எங்களிடம் இருந்தது வதனி கட்டித் தந்த சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். நான்கு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். டியூக் தட்டை நக்கி முடித்து, என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். (ஜெஸ்ஸுக்கு ஆட்டின் ருசி காட்டியதே நீங்கதானே பிரதர் என்று செல்வம் இன்றைக்கும் கேட்பான்.)

இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிர், ஈரம், செல்வத்தின் குறட்டை. டியூக் நடுங்கிக்கொண்டே வந்து தன் முதுகை என் முதுகோடு ஒட்டிப் படுத்தான். விலகுவதற்கு இடமில்லாததால் நான் விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அவன் உடம்பின் சூடு எனக்கும் வந்தது. நானும் தூங்கிவிட்டேன்.

விடிந்து வெளிச்சம் வந்தபோது ஆடுகள் கத்தும் சத்தத்தில் எழும்பினேன். கூடாரத்தின் ஜிப் கீழே திறந்து கிடந்தது. ஜெஸ் இல்லை. டியூக் அப்படியே சுருண்டு கிடந்தான். குளிருமே என்று என் போர்வையை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டு வெளியே போனேன். அந்த நேரத்தில் அவன் உயிரோடு இருந்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மழை விட்டிருந்தது. நேற்றுப் பார்த்த புல்வெளி முழுவதும் இப்போது, மழைக்கு எங்கோ ஒதுங்கியிருந்த ஆடுகள். எல்லாம் தாயும் குட்டியுமாக வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. ஒரு தாய் ஆடு மட்டும் தரையில் கிடந்தது. கழுத்து கிழிந்திருந்தது. கால்கள் இன்னும் அசைந்தன. அதன் குட்டி பக்கத்தில் நின்று அதன் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஜெஸ், வாயெல்லாம் சிவப்பாக, நான் ஏதாவது பாராட்டுவேன் என்பதுபோல வாலை ஆட்டினாள்.

வெறுங்காலோடு ஓடிப்போய் அவள் கழுத்துப் பட்டியைப் பிடித்தேன். அதே நேரத்தில் மேட்டுக்கு மேலாக நான்கு சில்லு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. இறங்கி, கிடந்த ஆட்டைப் பார்த்தார். ஜெஸ்ஸின் வாயைப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

இந்த நாட்டில் ஆட்டைக் கடிக்கும் நாயைச் சுட்டுவிடப் பண்ணைக்காரருக்கு உரிமை உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை. அந்த மனிதர், "நாயை விட்டு விலகி நில்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் நின்றுவிட்டது. துப்பாக்கிக் குழாய் என் பக்கம் திரும்பியது மட்டும்தான் தெரிந்தது. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே மேலே போயின.

கை மேலே போனதால் ஜெஸ்ஸின் பட்டி விடுபட்டது. அவள் ஓடவில்லை. என் காலோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அந்தச் சாய்வில் சாரம் அவிழ்ந்து விழுந்தது.

குனிந்து எடுத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் எனக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கையைத் தூக்கி நின்று பழகாதவர்கள். கையை இறக்கினால் சுடுவான். இதை எனக்கு எந்த மூளையும் சொல்லவில்லை, தோள்மூட்டு சொன்னது. கடல்காற்று வீச, ஐம்பது அறுபது ஆடுகள் பார்த்திருக்க, இடுப்புக்குக் கீழே எதுவுமில்லாமல் நான் கைகளை உயர்த்தியபடி நின்றேன். வாயிலிருந்து சிங்களம் வந்தது. எனக்குத் தெரிந்த சிங்களமே நான்கு வசனம்தான். இராணுவக் காவலரணில் சொல்வதற்காகப் பதினெட்டு வயதில் பாடமாக்கியவை. என் பெயர் இன்னது. நான் மாணவன். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. ஐயா, நான் ஒன்றும் செய்யவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பண்ணைக்காரர் குழாயைத் தரைப் பக்கம் இறக்கினார். பிறகு துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துத் தன் பையில் போட்டார். நான் பார்க்கும்படியாக, மெதுவாகச் செய்தார். துப்பாக்கியை வண்டி இருக்கையில் வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அதைக் கட்டிக்கொள், மேட்" என்றார் கடலைப் பார்த்தபடி. "அவசரமில்லை."

கட்டினேன். மூன்று முறை கட்ட வேண்டியிருந்தது.

அவர் திரும்பி, கிடந்த ஆட்டைக் காட்டினார். "இதை முடித்துவிட வேண்டும். கஷ்டப்படுகிறது. சத்தம் கேட்கும். சரியா?" நான் தலையாட்டும்வரை காத்திருந்தார். பிறகுதான் துப்பாக்கியை எடுத்தார். வெடிச் சத்தத்துக்கு நான் விழவில்லை. ஆனால் ஜெஸ்ஸை இறுகப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நாய்க்குப் பயந்தவன்.

"யாருடைய நாய்?"

ஆங்கிலம் திரும்பி வந்திருந்தது. பேரியின் நாய் என்றேன். அவர் நெஞ்சைப் பிளந்து தைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மனைவி இல்லை, பிள்ளை இல்லை, நான் பார்ப்பதாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குட்டியைத் தூக்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "இந்த நாயை இந்தப் பக்கம் இன்னொரு தடவை கண்டால் நான் உன்னிடம் கதை கேட்க மாட்டேன். புரிகிறதா?" என்றார்.

புரிகிறது என்றேன்.

அப்போதுதான் செல்வம் கூடாரத்து வாசலில் நிற்பதைக் கண்டேன். அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிரதர்" என்றான். "டியூக் எந்திரிக்க மாட்டேங்கறான்."

பண்ணைக்காரர்தான் உள்ளே போய்க் குனிந்து டியூக்கின் கழுத்தில் கை வைத்தார். "போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது" என்றார். "வயது போன நாய்." வண்டியிலிருந்து கம்பளி கட்டும் பெரிய சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று பேருமாக அவனைச் சுற்றித் தூக்கிக் காரின் பின்னால் வைத்தோம். படலையைத் தாண்டும்போது அந்தப் பலகையை வாசித்தேன். தனியார் நிலம், குட்டி ஈனும் காலம், நாய்களுக்கு அனுமதியில்லை. எழுத்துகள் உண்மையில் பெரிதாகவே இருந்தன.

ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி பத்தேகால். முன்னால் வீட்டுக்காரியின் கார். வீட்டுக்காரி வெளியே நின்று கூரையோரத்துத் தண்ணீர்ப் பீலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வதனி, இடுப்பில் துளசி. நாயைக் கொண்டு போவதற்காகவே ஊரைவிட்டுப் போனவன், சரியாக அந்த நேரத்துக்கு நாயோடு வந்து இறங்கினேன். காலில் செருப்பில்லை. சேறு அப்பிய சாரம். ஜெஸ் குதித்து இறங்கித் துளசியிடம் ஓடினாள்.

வீட்டுக்காரி காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சாக்குக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது.

"இரண்டு நாய் வைத்திருக்கிறீர்களா?" என்றார்.

"இல்லை" என்றேன். "ஒன்றுதான்."

அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்காரி தன் பையை எடுத்துக்கொண்டு போனார். வீட்டைவிட்டு எழும்பச் சொல்லும் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கண்ணியமான கடிதம். நடந்த துயரத்துக்கு வருந்துவதாகவும் ஒரு வரி இருந்தது.

அன்று பிற்பகல் பேரியின் வீட்டுப் பின்வளவில் நானும் செல்வமும் குழி தோண்டினோம். ஞாயிற்றுக்கிழமை நான் தனியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இப்ப சொல்லாதேங்கோ, அந்த மனிசன் எழும்பி நடக்கட்டும்" என்று வதனி தடுத்தாள். நானும் சொல்லாமல் விடத்தான் போனேன். ஆனால் பேரி என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "டியூக் சாப்பிடுகிறானா?"

"வெள்ளிக்கிழமை சாப்பிட்டான்" என்றேன். அதற்குமேல் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

பேரி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுந்து போகலாமா என்று நான் யோசித்தபோது, "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

"ஆட்டிறைச்சிக் கறி. கொஞ்சம் உறைப்பு."

"எங்கே வைத்து?"

"கூடாரத்தில்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "என் நாய்கள் கூடாரத்தில் என்ன செய்தன?"

சொன்னேன். வீட்டுக்காரி, பார்க்கு, கனடாப் படம், பதினொரு நாள் சாரணன், வாசிக்காத பலகை. ஆட்டைப் பற்றிச் சொன்னேன். சாரத்தைப் பற்றிச் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் ஜெஸ் எப்படித் தப்பினாள் என்பதைச் சொல்ல வழியில்லை. கைகளை உயர்த்திக் காட்டினேன். பேரியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. நெஞ்சில் தையல் போட்டவர்கள் இருமும்போது கட்டிப்பிடிக்க ஒரு தலையணை கொடுப்பார்கள். அதை இறுகக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த இயந்திரம் கூவத் தொடங்கியது. ஓடிவந்த தாதி, "இவரை என்ன செய்தீர்கள்?" என்று என்னைப் பிடித்து வெளியே தள்ளினார். நடைபாதையில் நின்று, கடிதமும் போயிற்று, ஆளும் போயிற்று என்று எண்ணினேன். எண்ணிய வரிசையும் அதுதான். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

பேரி போகவில்லை. ஆறு வாரம் கழித்து மெலிந்துபோய் வேலைக்கு வந்தார். நான் வாய்விட்டுக் கேட்காமலே கடிதம் தந்தார். வேலையைப் பற்றி இரண்டு வரி. மூன்றாவது வரியில், 'இவர் கெட்ட செய்தியை ஒளிக்காமல் தானே நேரில் வந்து சொல்லும் ஆள்' என்று எழுதியிருந்தார். குடிவரவு அதிகாரிக்கு அது விளங்கியிருக்காது. வதிவிடம் கிடைத்தது. ஜெஸ்ஸை அவர் திருப்பிக் கேட்கவில்லை. ஓடுகிற நாயைப் பிடிக்கும் நெஞ்சு இனித் தனக்கு இல்லை என்றார். நாங்கள் பாபகூராவில் வேலி போட்ட வீடொன்றுக்குக் குடிபோனோம். அவள் எங்களோடு பதினொரு வருடம் இருந்தாள். தபால்காரரைக் கண்டு அவள் குரைத்தபோதெல்லாம் நான் எழுந்துபோய்க் கடிதம் வாங்கினேன்.

கதையைச் செல்வம் எடுத்துக்கொண்டான். தீபாவளி, பிறந்தநாள், துளசியின் பட்டமளிப்பு, எல்லா விருந்திலும் அவன்தான் சொல்வான். எழுந்து நின்று, கையை உயர்த்தி நடித்துக் காட்டுவான். ஆடுகளின் எண்ணிக்கை இப்போது முந்நூறைத் தாண்டிவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒருமுறை துளசி ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்பா, அந்த ஆளிடம் அப்படி என்னதான் சொன்னீங்கள்?" நான்கு வசனத்தையும் சொன்னேன், அர்த்தத்தோடு.

வதனி அந்தக் கதைக்குச் சிரிப்பதுமில்லை, நிறுத்துவதுமில்லை. ஆனால் நாங்கள் எங்காவது பயணம் போகும்போது, விமான நிலையச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டபின், "கைகளை உயர்த்துங்கள்" என்று சொல்லும் இடம் வரும். எனக்குப் பின்னால் நிற்கும் வதனி, என் காற்சட்டையின் இடுப்புப் பட்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொருவராக வர வேண்டும் என்று அதிகாரி சொல்வார்.

"ஓம், ஓம்" என்பாள். விட மாட்டாள்.